ஈடேற்றத்திற்கு ஈடு எது?

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லுக்குச் செல்வோர் இரு கூட்டங்களைக் காண்பர். உடலெங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நீராடுவோர் ஒரு கூட்டம். ஆடிப்பெருக்கு நாளில், பாவம் கழியும் என்னும் நம்பிக்கையோடு காவிரியில் முழுகுவோர் மற்றொரு கூட்டம். அண்மையில் அங்குச் சென்றிருந்தபோது, பரிசல் துறைக்கருகே ஒரு கிறிஸ்தவ அன்பர் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் புன்முறுவலோடு என் கையில் தந்தார். தண்ணீரால் பாவம் நீங்காது. சிலுவையில் சிந்தப்பட்ட இரத்தத்தாலேயே மனிதன் இறைவனோடு ஒப்புரவாகிறான். அதை விசுவாசிப்பவன் நீதிமானாக்கப்படுகிறான் என்பது அதன் சாரம். உடன் வந்த நம்மவர் சிலர், "அப்படியானால் எவ்வளவு பாவம் வேண்டுமானாலும் செய்யலாமே!" என்று நகைத்தனர்.

அந்தப் பிரசுரத்துக்கும் நம்மிடம் மறுப்புண்டு. அந்த நகைப்புக்கும் மறுப்புண்டு.

நகைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியைப் பவுல் தாமே ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் எழுப்பி, கூடவே கூடாதென்று மறுத்திருக்கிறார். செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபம் கூறுகிறது. மாற்றார் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு வெல்வது வெற்றியாகாது. வேதக்காரர்களோடு அழகிய முறையிலன்றி வாதிடலாகாது என்பது திருக்குர்ஆன் நமக்கிட்ட கட்டளை.

இனி, கொள்கைக்கு வருவோம். 1517 இல் மார்ட்டின் லூதர் தொடங்கிவைத்த சமயச் சீர்திருத்தத்தின் நடுநாடி இந்த 'நீதிமானாக்கப்படுதல்' என்பதே. மனிதன் தன் செயல்களால் அன்று, விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக எண்ணப்படுகிறான் என்றார் அவர். 1547 இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம் அதை மறுத்துத் தீர்மானம் இயற்றிற்று. இரு தரப்பாரும் இப்பொருளில் பொதுவான ஓர் அறிக்கையில் கையொப்பமிட 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூதரின் வழியினரே. 1715 இல் அவர் அச்சேற்றிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் காலந்தொட்டு இக்கொள்கை தமிழ் மண்ணில் பேசப்பட்டு வருகிறது. பிற்காலத் தமிழ் விவிலியம் இதற்கென எடுத்தாண்ட சொல் 'ஒப்புரவு'. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரத்துக்கே பெயராய் நிற்பது அது. அங்கே அது மனிதன் மனிதனுக்கு ஆற்றும் கடமை. இக்குறிப்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

நம் முதற் கேள்வி இது: மன்னிப்பதற்கு இறைவனுக்கு விலை தேவையா? ஈஸா நபி (அலை) அவர்களின் போதனையாகச் சுவிசேஷங்களே சொல்வனவற்றைப் பாருங்கள். சொத்தையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பி வந்த மைந்தனைத் தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்கிறார். மூத்த மகனை அடித்துவிட்டு இளையவனை ஏற்கவில்லை. ஆலயத்தில் மார்பிலடித்துக்கொண்டு இரக்கம் வேண்டிய ஆயக்காரன் நீதிமானாக வீடு திரும்பினான் என்று லூக்கா எழுதுகிறார். அரபியில் 'தவ்பா' என்றால் திரும்புதல். அடியான் திரும்புகிறான், அவன்பால் அருளோடு திரும்புவதால் அல்லாஹ்வுக்கு 'தவ்வாப்' என்று பெயர். ஆதம் (அலை) அவர்களின் பிழையும் இவ்வாறே மன்னிக்கப்பட்டது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது மூஸா, இப்ராஹீம் (அலை) அவர்களின் ஏடுகளிலேயே உள்ள சட்டம் என்று 'அந்நஜ்ம்' அத்தியாயம் நினைவூட்டுகிறது. எசேக்கியேல் ஆகமத்தின் பதினெட்டாம் அதிகாரமும் அதே நீதியையே உரைக்கிறது.

மனுமகன் தம் உயிரை மீட்கும் பொருளாகக் கொடுக்க வந்தார் என்னும் மாற்குவின் வசனத்தைக் கிறிஸ்தவ அறிஞர் எடுத்துக்காட்டுவர். அந்த மீட்புப் பொருள் யாருக்குச் செலுத்தப்பட்டது? சாத்தானுக்கு என்றார் நான்காம் நூற்றாண்டின் நிஸ்ஸா நகர்க் கிரகோரியார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் அதை ஏற்காமல், இறைவனின் மாட்சிக்குச் செலுத்த வேண்டிய கடன் என்றார். சீர்திருத்தவாதிகளோ, சட்டத்தின் தண்டனை என்றனர். கடன் எவருக்கு என்பதே முடிவாகாத இடத்தில் கடன் தீர்ந்துவிட்டது என்று எவ்வாறு நம்புவது?

அவர்களின் வலுவான விடையையும் மறைக்கலாகாது. 'குற்றமற்ற மூன்றாம் ஆள் எவரையும் இறைவன் தண்டிக்கவில்லை. அவமதிக்கப்பட்டவரே அவமதிப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். அதுவே அன்பின் உச்சம்' என்பர். உள்ளத்தைத் தொடும் சொல்தான். ஆயினும், அவமதிக்கப்பட்டவன் இறைவன் மட்டுமா?

தருமபுரி மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. அரூர் வட்டத்து மலையடிவாரச் சிற்றூர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும், காவல்துறையினரும், வருவாய்த்துறையினரும் சந்தன மரச் சோதனை என்று சொல்லி அவ்வூருக்குள் புகுந்து பழங்குடி மக்களைச் சூறையாடினர். 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டனர். வழக்கில் சேர்க்கப்பட்டோர் 269 பேர். 2011 இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023 இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்ச ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் ஆணையிட்டது.

மறுமையின் நீதிமன்றத்தில், அக்குற்றவாளிகளுள் ஒருவன், "எனக்காக வேறொருவர் இரத்தம் சிந்திவிட்டார், நான் நீதிமானாக்கப்பட்டேன்" என்று சொல்லி, அப்பெண்களின் முகத்தைப் பாராமலே கடந்து போகலாமா? இவ்வுலக நீதிமன்றமே குற்றவாளியின் கையிலிருந்து ஈடு கேட்கும்போது, நீதிபதிகளுக்கெல்லாம் நீதிபதியானவன் கேட்கமாட்டானா? பணக்கடனை மற்றவர் ஏற்கலாம். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றார்கள்; கடன் கொடுத்தவருக்கு அவர் பொருள் கிடைத்துவிடும். இழந்த மானத்துக்கு அப்படி ஒருவர் பொறுப்பேற்க இயலாது. அல்லாஹ்வின் உரிமையை அல்லாஹ் மன்னிப்பான். அடியாரின் உரிமையை அந்த அடியாரே விட்டுக்கொடுக்க வேண்டும். இதுவே 'ஹக்குல் இபாத்'.

ஈஸா நபி (அலை) அவர்கள் இதற்கு முரணாக எதையும் போதித்ததாகச் சுவிசேஷமும் சொல்லவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று மலைப் பிரசங்கத்தில் சொன்னதாக மத்தேயு கூறுகிறார். தமிழில் அங்கேயும் 'ஒப்புரவு' என்னும் அதே சொல்தான். வரி வசூலித்து வஞ்சித்த சகேயு, தான் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற பின்னரே, அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற அறிவிப்பு வருகிறது. குறள் கண்ட ஒப்புரவும் மலைப் பிரசங்கத்தின் ஒப்புரவும் மனிதனின் வாசலிலேயே தொடங்குகின்றன. பிரசுரம் தந்த அன்பரை அந்த வாசலுக்கே அழைக்கிறோம்.

ஆனால் அங்கே நாம் நிற்கிறோமா? வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் நாள்தோறும் ஐந்து முறை குளிப்பவன் உடலில் அழுக்குத் தங்குமா என்று ஐவேளைத் தொழுகைக்கு உவமை கூறினார்கள் நபியவர்கள். அந்த ஆறு கழுவுவது சிறு பாவங்களையே என்று மார்க்க மேதைகள் விளக்கினர். தொழுகையும் நோன்பும் ஸக்காத்தும் மலையெனக் கொண்டுவந்தும், ஒருவரை ஏசி, ஒருவர் பொருளை விழுங்கி, ஒருவரை அடித்திருந்ததால், தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையனாய் நிற்பவனே உண்மையான முஃப்லிஸ், வக்கற்றுப்போனவன் என்று எச்சரித்தவர்களும் அதே நபியவர்களே. உயிரைக் கொடுத்த ஷஹீதுக்கும் கடன் மன்னிக்கப்படுவதில்லை.

நம் வீடுகளிலோ, ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் தெருத்தெருவாய்ச் சென்று "பொறுத்துப் பொருந்திக்கொள்ளுங்கள்" என்கிறார். எவருக்கும் தீங்கிழைக்காத இடங்களிலெல்லாம் அச்சொல் தாராளமாய் வழங்கப்படுகிறது. தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் அல்லாஹ் விதித்த பங்கைத் தராமல் ஏய்க்கப்பட்ட உடன்பிறந்தாளின் வாசலில் மட்டும் அது ஒலிப்பதில்லை. மகனுக்குக் கைக்கூலி வாங்கிய சம்பந்தியின் வாசலில் ஒலிப்பதில்லை. கூலி பாக்கி வைத்த வேலையாளின் வாசலிலும் ஒலிப்பதில்லை. திரும்பி வந்ததும் பெயருக்கு முன் 'ஹாஜி' ஏறிவிடுகிறது. நிலப்பத்திரம் பழைய பெயரிலேயே இருக்கிறது. சிலுவையை நம்பிப் பிறர் உரிமையைக் கடந்து செல்லலாகாது என்று பிறருக்குச் சொல்லும் நாம், கஅபாவை நம்பி அதே வழியைக் கடந்து செல்லலாமா?

ஒகேனக்கல்லின் அருவி உடலிலுள்ள எண்ணெயைப் போக்கும். பிறர் கணக்கில் நம் பெயருக்கெதிரே எழுதப்பட்டதைக் காவிரியும் போக்காது, ஸம்ஸமும் போக்காது. அவரவர் வாசலுக்குச் சென்று, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, பொருந்திக்கொள்ளச் செய்வதொன்றே வழி. அவர் இறந்திருப்பின் வாரிசுகளைத் தேடிக் கொடுப்போம். வாரிசும் அறியப்படாவிடின் அவர் பெயரால் தருமம் செய்வோம். வாய்ப்பு இவ்வுலகில் மட்டுமே. பிறர் பொருளோடும் பிறர் கண்ணீரோடும் தன்னைச் சந்திக்கும் இழிவிலிருந்து வல்ல நாயன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.