தியாகராச விலாசம் இடிந்தது யார் குற்றம்?

உ.வே.சாமிநாதையரின் பெயரைச் சொல்லாமல் தமிழாசிரியர் எவரும் இலக்கிய வரலாற்றைக் கடந்து செல்ல இயலாது. சென்னையில் பயிலும் மாணவரைப் போலவே புக்கிட் பாஞ்சாங்கில் பயிலும் மாணவரும் தமிழ்த் தாத்தா என்றே அவரை அறிவர். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அவர் பதிப்பித்த நூல்களைத் தேர்வுத்தாளில் பிழையின்றி வரிசைப்படுத்துவோர் பலர். அவர் வாழ்ந்த வீடு என்னவாயிற்று என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அவ்வீடு 2012இல் இடிக்கப்பட்டது.

சென்னைத் திருவல்லிக்கேணியை அடுத்த திருவட்டீசுவரன்பேட்டையில், பிள்ளையார் கோயில் தெருவில் அவ்வில்லம் இருந்தது. கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த ஐயர், தம் பிற்கால வாழ்வை அங்கேதான் கழித்தார். 1918இல் பரிபாடலும், 1924இல் பெருங்கதையும், 1937இல் குறுந்தொகையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்த 'என் சரித்திரம்' பிறந்ததும் அந்தக் காலத்திலேயே. கும்பகோணத்தில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியை, ஓய்வு பெறும்போது ஐயருக்குக் கிடைக்கச் செய்தவர் தியாகராச செட்டியார். அப்பெருந்தகையின் பெயரையே தம் வீட்டுக்குச் சூட்டினார் ஐயர். தியாகராச விலாசம் என்ற அப்பெயர், ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியருக்குச் செலுத்திய நன்றிக்கடன் அன்றோ!

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சம் சென்னையையும் பற்றியது. மக்கள் நகரை விட்டு வெளியேறினர். 87 வயது முதியவரான ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்றார்; ஏப்ரல் 28இல் அங்கேயே மறைந்தார். போர் அந்த வீட்டைத் தீண்டவில்லை. பகைவர் குண்டுக்குத் தப்பிய வீடு, 70 ஆண்டுகள் கழித்துத் தமிழர் கண்முன்னே தரைமட்டமாயிற்று.

இடிப்பைத் தடுக்கத் தமிழன்பர்கள் குரல் எழுப்பினர், செய்தித்தாள்கள் எழுதின, அரசு அதனை நினைவில்லமாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. பயன் விளையவில்லை. தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 2012ஆம் ஆண்டில்தான். சட்டம் ஏட்டில் ஏறிய ஆண்டிலேயே வீடு மண்ணில் சாய்ந்தது.

அவர் திரட்டிய சுவடிகள் 1943இல் நிறுவப்பட்ட உ.வே.சா. நூல்நிலையத்தில் உள்ளன, உத்தமதானபுரத்தில் நினைவில்லம் உள்ளது, மாநிலக் கல்லூரியில் சிலையும் நிற்கிறது, இனிச் செங்கல்லும் சுண்ணாம்பும் எதற்கு என்று கேட்பார் உளர். சுவடி அவர் தேடிய பொருளைக் காட்டும். பிறந்த ஊர் அவர் புறப்பட்ட இடத்தைக் காட்டும். சிலை அவர் உருவத்தைக் காட்டும். அரண்மனையோ பல்கலைக்கழகமோ அல்லாத ஒரு சாதாரணத் தெருவில், ஒரு கல்லூரி ஆசிரியர் ஆண்டுக்கணக்காகப் பாடம் ஒப்பிட்டு உழைத்தார் என்பதை மாணவனுக்குக் காட்ட வல்லது அந்த வீடு ஒன்றே. அதற்கு ஈடு இல்லை.

உரிமையாளர் தம் உடைமையை விற்கவும் இடிக்கவும் கூடாதா என்று கேட்பாரும் உளர். கூடும். பழைய வீட்டைப் பேணும் சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு, அதனைக் குறை கூறுவது அறமாகாது. உரிய விலை கொடுத்து அவ்வீட்டை வாங்க முன்வராத சமுதாயமே குற்றவாளி.

இது செய்ய இயலாத செயலா? சிங்கப்பூரைப் பாருங்கள். சுன் யாட் சென் தம் இயக்கத்தின் கிளையை 1906இல் பாலஸ்தியர் வட்டாரத்து மாளிகை ஒன்றில் அமைத்தார். பின்னர் அம்மாளிகை சீர்கெட்டது. 1937இல் சீன வணிகர் அறுவர் தம் பணத்தில் அதனை வாங்கிச் சீன வர்த்தக சங்கத்திடம் ஒப்படைத்தனர். 1994இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. புக்கிட் பாஞ்சாங் மாணவன் ஒரு காலைப்பொழுதில் அங்குச் சென்று வரலாம். வணிகர் அறுவர் அன்று செய்ததை, உலகெங்கும் பரந்து வாழும் தமிழரால் 2012இல் செய்ய இயலவில்லை. பொன்னாடைக்கும் மலர்மாலைக்கும் விழா மேடைக்கும் அவர்களிடம் பணம் இருந்தது; தமிழ்த் தாத்தாவின் வீட்டுக்கு மட்டும் இல்லை!

திருவல்லிக்கேணியிலேயே பாரதியார் வாழ்ந்த இல்லத்தை 1993இல் அரசு வாங்கி நினைவில்லமாக்கியது. ஆதலின் வழி தெரியாது என்று அரசும் சொல்ல முடியாது.

இடிந்த வீட்டை இனி எழுப்ப இயலாது. எழுப்பினாலும் அது போலி. எஞ்சி நிற்பவற்றையேனும் காக்கலாம். தமிழறிஞர் வாழ்ந்த வீடுகள், பழைய தமிழ்ப்பள்ளிகள், அச்சகங்கள் ஆகியவற்றை ஊர்தோறும் கணக்கெடுக்கும் பணியைத் தமிழாசிரியரும் மாணவரும் மேற்கொள்ள வேண்டும். எழுத்தாளர் சங்கங்கள் விழாச் செலவில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கி வைக்க வேண்டும். விற்பனைப் பலகை தொங்கிய பின் எழுதும் கண்டனம் எந்தச் சுவரையும் தாங்காது. அதற்கு முன்னரே திரட்டிய பொருளே தாங்கும்.