தாருக்கு, தார் ரோட்டுல, எதுக்குங்க சேத்து டயர்?

டிஸ்கி: தார் வச்சிருக்கிற நண்பர்கள் மனசு புண்பட வாய்ப்பு இருக்கு. அடியேனும் தார் வச்சிருக்கிறவன்தான், 2020-க்கு முந்தின பழைய மாடல். அதனால கல்லை எடுக்கும்போது நம்ம ஆளுதானேன்னு கொஞ்சம் பார்த்து எடுக்கவும் :-)

நெல் வயல்ல சேறடிக்கிற டிராக்டரை எல்லாரும் பார்த்திருப்போம். பின்சக்கரத்துல இரும்புப் பட்டையில செஞ்ச கேஜ் வீல் மாட்டியிருப்பாங்க. சேத்துல அதை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஆனா வேலை முடிஞ்சு ரோட்டுக்கு ஏறணும்னா அதைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஏறணும். கழட்டாம ஏறினா ரோடு கிழியும், ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க. சேத்துக்குன்னு செஞ்சது ரோட்டுக்கு ஆகாதுங்கிறது டிராக்டர் ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. பதினஞ்சு லட்சத்துக்கு மேல குடுத்து ஜீப்பு வாங்குற நம்மாளுங்களுக்கு மட்டும் இது புரிய மாட்டேங்குது.

2020 அக்டோபர் 2-ஆம் தேதி புது தார் வந்தாலும் வந்துச்சு, அதுல இருந்து பிடிச்சது இந்தக் காய்ச்சல். 2023-ல ஜிம்னி, 2024 ஆகஸ்ட்ல ஐந்து கதவு ராக்ஸ்னு வரிசையா வரவும் அது ஊர் முழுக்கப் பரவிடுச்சு. டெலிவரி எடுத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில்ல மாலை போட்டு, நேரா டயர் கடைக்குப் போயிடறாங்க. கம்பெனி குடுத்த டயரைக் கழட்டிப் போட்டுட்டு, முதலை முதுகு மாதிரி கட்டை கட்டையா இருக்கிற மட் டெர்ரெயின் டயரு, அதுக்கு ஜோடியா வெளியே துருத்திக்கிட்டு நிக்கிற கறுப்பு அலாய் வீலு. அப்புறம் வண்டி எங்க போகுதுன்னு பார்த்தா அவினாசி ரோடு சிக்னல், மால் பேஸ்மென்ட், வாரக்கடைசியில ஊட்டி. பெரிய கொடுமை என்னன்னா, 2023 ஜனவரியில வந்ததே பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரு, அதுக்கும் இதே டயரை மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. ஃபோர் வீலே இல்லாத வண்டிக்கு எதுக்குய்யா சேத்து டயரு?

"என் காசு, என் வண்டி, உனக்கென்ன?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். லுக்குக்காக நீங்க கறுப்புக் கண்ணாடி போட்டா நான் ஏன் கேக்கப் போறேன்? ஆனா உங்க வண்டியோட பிரேக்கு உங்களுக்கு மட்டும் சொந்தமில்லைங்க. முன்னாடி டிவிஎஸ் எக்ஸெல்ல போறவருக்கும் அதுல பங்கு இருக்கு. நான் இதை எழுதறதே அதுக்காகத்தான்.

எம்.டி. டயர் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். பெரிய பெரிய ரப்பர் கட்டைகள், நடுவுல அகலமான பள்ளம். சேத்துல சக்கரம் வேகமாச் சுத்தும்போது பள்ளத்துல அடைச்ச மண்ணு வெளியே வீசி எறியப்படும், அடுத்த சுத்துக்குக் கட்டையோட விளிம்பு புதுசாக் கடிக்கும். கரிசல் காட்டுல மழைக்கப்புறம் வண்டி ஓட்டினவங்களுக்கு இதோட அருமை தெரியும். கரிசல் மண்ணு சாதா டயரோட பள்ளத்துல அப்பிக்கிட்டா, டயர் மொட்டை டயர் ஆகிடும். அந்த இடத்துல எம்.டி.தான் ராஜா. 2014-ல கோவாவுல ஆரம்பிச்ச ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிக்கு வேற டயரோட போறவன் பைத்தியக்காரன்.

இப்போ அதே டயரை நனைஞ்ச தார் ரோட்டுல வைங்க. பள்ளம் அகலம்னா என்ன அர்த்தம்? ரோட்டைத் தொடுற ரப்பர் கம்மி. கட்டைகள் உயரமா இருக்கிறதால பிரேக் அடிக்கும்போது வளைஞ்சு நெளியும். ஏ.டி. டயர்லயும் ரோட்டு டயர்லயும் பிளேடால கீறின மாதிரி மெல்லிசா நிறைய வெட்டு இருக்குமில்லையா, ஈரத்துல பிடிமானம் குடுக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. எம்.டி.யில அது ரொம்பக் கம்மி. கல்லு குத்திக் கிழியாம இருக்கணும்னு ரப்பரையும் கெட்டியா வைப்பாங்க. எல்லாம் சேர்ந்து, மழையில வண்டி நிக்க எடுத்துக்கிற தூரம் கூடுது.

"பள்ளம் பெருசா இருந்தா தண்ணி நல்லா வெளியே போகும்ல?"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். போகும். தேங்கி நிக்கிற தண்ணி மேல வண்டி மிதக்கிறதைத் தடுக்க அது உதவும். ஆனா நம்ம மலைப்பாதையில பிரச்சனை தேங்கின தண்ணி இல்லை. சாரல்ல நனைஞ்சு, எண்ணெயும் இலையும் படிஞ்சு கிடக்கிற வழவழப்புதான். அங்க வேணுங்கிறது ரோட்டைத் தொடுற ரப்பரு.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், ஆழியாறு - வால்பாறை பாதையில இறங்கி வந்துட்டிருந்தார். நாப்பது கொண்டை ஊசி வளைவுன்னு அந்தப் பாதையைப் பத்தித் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. லேசான சாரல். பெரிய வேகம் கிடையாது. வளைவுல முன்னாடி ஒரு பைக்கு, புருஷன் பொண்டாட்டி நடுவுல குழந்தை. பிரேக் அடிச்சார், வண்டி நேராப் போச்சு. எப்படியோ திருப்பித் தடுப்புச் சுவர்ல உரசி நிறுத்திட்டார். பைக்குக்கும் இவருக்கும் ஒரு கை அகலம்தான் இருந்துச்சாம். "பிரேக் பிடிக்கலைப்பா, சர்வீஸ்ல விடணும்"னார். பிரேக்கெல்லாம் நல்லாத்தான் பிடிச்சிருக்கு சாமி. பிரேக்கு சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்தறது டயரு. அந்த டயரை மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு.

சரி, வீலுக்கு வருவோம். இதுதான் டயரை விட மோசமான கூத்து.

கம்பெனி வீலுக்கு ஆஃப்செட்னு ஒரு கணக்கு உண்டு. வீலோட நடுக்கோட்டுல இருந்து, அது ஹப்புல போய் உக்காருற இடம் எவ்வளவு தள்ளி இருக்குங்கிறதுதான் அது. உதாரணத்துக்கு பிளஸ் 40 இருந்த இடத்துல பூஜ்யம் ஆஃப்செட் வீலை மாட்டினா, சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 40 மி.மீ. வெளியே வந்துடும். பார்க்க அகலமா, கெத்தா இருக்கும். ஆனா வண்டி பாரத்தை வீல் பேரிங் சரியான இடத்துல தாங்குற மாதிரி இஞ்சினியருங்க கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க இல்லையா, அதைத் தூக்கிக் குப்பையில போட்டாச்சு. கைக்குக் கிட்ட வச்சு ஒரு குடம் தண்ணியைத் தூக்கறதுக்கும், கையை நீட்டிக்கிட்டு அதே குடத்தைத் தூக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். பேரிங் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்துலயோ தண்ணியிலயோ விழுந்தா ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். மட்கார்டுக்கு வெளியே நிக்கிற டயர் வாரி அடிக்கிற கல்லும் சேறும் பின்னாடி வர்றவன் ஹெல்மெட்டுல போய் விழும். வீல் மாத்தக் காசில்லைன்னா நடுவுல ஸ்பேசர் வச்சு வெளியே தள்ளுறவங்களும் இருக்காங்க. கணக்கு ஒண்ணுதான்.

அடுத்தது 20 இஞ்ச் வீலு. இதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பா வரும். கம்பெனி குடுக்கிற 245/75 ஆர் 16 டயர்ல பக்கச்சுவர் உயரம் 184 மி.மீ. அதே தாருக்கு மேல் வேரியன்ட்ல வர்ற 255/65 ஆர் 18-ல 166 மி.மீ. நம்மாளு மாட்டுற 275/55 ஆர் 20-ல 151 மி.மீ. காட்டுக்குள்ள போறவனுக்கு வேணுங்கிறது உசரமான பக்கச்சுவரு. காத்தை இறக்கினா டயர் நசுங்கி நீளமாத் தரையைப் பிடிக்கணும், கல்லுல மோதினா ரப்பர் வாங்கிக்கணும், வீலு வாங்கக்கூடாது. வீலைப் பெருசாக்கி, பக்கச்சுவரைக் குறைச்சு, அதுக்கு மேல சேத்து டயரையும் மாட்டுறது வேட்டி மேல கோட்டு போடுற கதை. அலாய் வீலு பாறையில அடிபட்டா விரிசல் விடலாம். ஸ்டீல் வீலுன்னா வளையும், பட்டறையில சுத்தியலால தட்டி நிமித்தி வீட்டுக்கு வந்து சேரலாம்.

சைஸ் கூட்டுறதைப் பத்தியும் சொல்லிடறேன். 255/65 ஆர் 18-க்குப் பதிலா 285/65 ஆர் 18 போட்டா சக்கர விட்டம் 789 மி.மீ.ல இருந்து 828 மி.மீ. ஆகுது. அஞ்சு சதவீதம் கூட. ஸ்பீடாமீட்டர் முன்னே 80 காட்டின வேகத்தை இப்போ 76-னு காட்டும். அதுகூடப் பரவாயில்லை, மீட்டரு எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஆனா எல்லா கியரும் அஞ்சு சதவீதம் இழுவை கம்மி ஆயிடுதே! ஆஃப்ரோடுக்குன்னு டயர் மாத்தி, ஆஃப்ரோடுக்கு ரொம்ப முக்கியமான லோ ரேஞ்ச் இழுவையைக் குறைச்சுக்கறீங்க. டயர் கனம் வேற கூடுது. கிளட்சும் மைலேஜும் அழும். பத்தாததுக்கு, நாலு டயரை மட்டும் மாத்திட்டு ஸ்டெப்னியைப் பழைய சைஸ்லயே விட்டுடறாங்க. பஞ்சராகி அதை மாட்டி, அப்படியே ஃபோர் வீலையும் போட்டு ஓட்டினா, விட்டம் வேற வேறயா இருக்கிற சக்கரங்க ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் படுற பாடு... அதைச் சரி பண்ற பில்லு வரும்போது தெரியும்.

"இதெல்லாம் இல்லாம எப்படிங்க மலையேறுறது?" கொழுக்குமலைக்குப் போயிருக்கீங்களா? மலை தேனி மாவட்டத்துல, ஜீப் பாதை மட்டும் கேரளாவுல சூரியநெல்லியில இருந்து. விடிகாலை இருட்டுல, சூரிய உதயம் பார்க்க ஆளுகளை ஏத்திக்கிட்டு, பாறையும் குழியுமா இருக்கிற பாதையில தினமும் ஏறி இறங்குற உள்ளூர் ஜீப்புகளோட டயரைக் குனிஞ்சு பாருங்க. ஒல்லிக்குச்சி டயரு, சாதா இரும்பு வீலு. இரண்டாம் உலகப்போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16 டயரு, அதாவது அகலம் வெறும் ஆறு இஞ்சு, இஞ்சின் 60 குதிரைசக்தி. 2023-ல வந்த ஜிம்னிக்கே 195/80 ஆர் 15-தான் குடுத்தாங்க. அந்த சுசுகி இஞ்சினியருங்களுக்கு அகல டயர் வாங்கக் காசில்லாம இல்லை.

அந்த டிரைவர்கள்கிட்ட இருக்கிறது பழக்கம். நம்மகிட்ட இருக்கிறது ஈஎம்ஐ.

சட்டத்தையும் சொல்லணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கும் ஆர்சி புத்தகத்துல இருக்கிறதுக்கும் முரணா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி குடுத்த தீர்ப்புல இதை அழுத்தமாவே சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லை ரெண்டும். விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல இந்த வீலைத்தான் போட்டோ எடுப்பார்.

அப்போ எதைத்தான் வாங்குறதுங்கிறீங்களா? பத்துல எட்டுப் பேருக்கு வாங்க வேண்டியதே இல்லை. தேயற வரைக்கும் கம்பெனி டயரை ஓட்டுங்க. தேஞ்சதும் அதே சைஸ்லயோ, அதே வண்டியோட இன்னொரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே குடுக்கிற சைஸ்லயோ நல்ல ஏ.டி. டயர் வாங்குங்க. பக்கச்சுவர் பலம் வேணும்னா எல்.டி. வகை ஏ.டி.யிலயே கிடைக்குது, அதுக்காக எம்.டி.க்குப் போக வேண்டியதில்லை. மிச்சக் காசுல ஒரு காத்தடிக்கிற கம்ப்ரஸரும், நல்ல பிரஷர் கேஜும் வாங்கிக்கோங்க. காட்டுப் பாதையில 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்கி மெதுவா ஓட்டிப் பாருங்க, சாதா டயர் செய்யிற மாயம் தெரியும். தேரி மாதிரி மணல்ல இன்னும் கொஞ்சம் இறக்கணும். அங்க எம்.டி. கட்டைங்க மண்வெட்டி மாதிரி குழி தோண்டி வண்டியைப் புதைச்சிடும். (தேரிக்காட்டுல நிறைய இடம் காப்புக்காடு. கேக்காம உள்ள விட்டுட்டு என்மேல பழி போடாதீங்க.) திரும்ப ரோட்டுக்கு ஏறும்போது மறக்காம காத்தடிக்கணும். தோட்டம், எஸ்டேட்டுன்னு வருஷத்துல பாதி நாள் நெஜமாவே சேத்துல ஓட்டுறவங்க எம்.டி. போடுங்க, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. 2020 ஜூன்ல டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதுல இருந்து, "ஃபாரின் மட் டயர், கடைசி செட்டு"ன்னு சொல்லி விக்கிற கடைகளைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். டயர் பக்கத்துல நாலு இலக்க எண் இருக்கும். 2321-னா 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. ஒரு கடையில (பேரு வேண்டாம்) "நேத்துதான் வந்துச்சு"ன்னு குடுத்த டயருக்கு அந்த எண்ணுப்படி அஞ்சு வயசு. எல்கேஜி சேர்க்க வேண்டிய டயரை என் தலையில கட்டப் பார்த்தார்.

சேத்து டயரோட வால்பாறை மழையில ஜம்முனு பிரேக் பிடிக்குதுன்னு சொல்றவங்க தாராளமா வந்து கும்முங்க. எந்த டயரு, என்ன சைஸு, எத்தனை பிஎஸ்ஐ, எந்த வளைவுன்னு விவரத்தோட எழுதுங்க. 'தல, லுக்கு மாஸ்'னு மட்டும் வர்ற பின்னூட்டத்தை அனுமதிக்கிறதா இல்லை.