மலை யாருடையது?
அமெரிக்க ஐக்கிய நாட்டில் வெர்மாண்ட் மாகாணத்தில் மேட் ரிவர் க்ளென் என்றொரு பனிச்சறுக்கு மலை உண்டு. பிற்பகலில் அங்கே சறுக்குவோர் படும் பாடு கொஞ்சமன்று. காலை முதல் பலரும் வளைந்து வளைந்து சறுக்குவதால் ஒதுங்கும் பனி குவியல் குவியலாய் எழுந்து நிற்கும். அவற்றை மோகல் என்பர். மரச்செறிவுக்குள் புகுந்தாலோ, கணத்துக்குக் கணம் சந்து தேடியே இறங்க வேண்டும்.

யந்திரங்களைக் கொண்டு இவற்றையெல்லாம் ஒரே இரவில் சமப்படுத்திவிடலாம். பல மலைகளில் முதலாளிகள் அவ்வாறே செய்கின்றனர். இங்கோ, 1995-ம் வருஷத்தில் சறுக்குவோரே பங்கு சேர்த்துக் கூட்டுறவு ஸ்தாபனம் அமைத்து மலையை விலைக்கு வாங்கிக்கொண்டனர். ஒருவர் மட்டுமே அமர்ந்து மேலேறும் 1948-ம் வருஷத்து நாற்காலித் தூக்கியை மாற்றிப் பெரிதாக்காமல், 2007-ல் அதனையே புதுப்பித்தனர். சிலர் சிலராகவே மேலே செல்வதால் பாதையில் நெருக்கமில்லை. பனியும் விரைவில் சுரண்டப்படுவதில்லை.

லாபத்தைத் தள்ளும் பைத்தியம் இது என்று வியாபாரிகள் நகைக்கலாம். லாபம் யாருக்கு என்பதன்றோ கேள்வி?

ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் வைத்துச் சறுக்குவோரை இன்றளவும் உள்ளே விடாதிருப்பது மட்டும் நமக்கு ஸம்மதமன்று. கூட்டுறவு என்று பெயர் சூட்டிவிட்டு ஒரு சாராருக்குக் கதவடைப்பது அழகன்று.

செயற்கைப் பனி அங்கே சொற்பமே. வானம் பொழிவதையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். குளிர்காலமோ வரவர வெப்பமடைகிறது. பனி பொய்க்கும் வருஷங்களில் நஷ்டம் பங்காளிகள் தலையிலேயே விழும். அப்போது யந்திரம் வாங்குவதா, பொறுத்திருப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்களும் அவர்களே.