அட்ரினல் புற்றுநோய்: நோய்நிலை மறுமதிப்பீட்டுக்கு எந்த ஸ்கேன்?

பெட்-சி.டி. ஸ்கேன் பரவலாக அறியப்பட்ட பின், "சி.டி. போதுமா, பெட் எடுக்க வேண்டுமா?" என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் கேட்கின்றனர். விலை கூடிய ஸ்கேனே சிறந்தது என்று கருத வேண்டியதில்லை. உங்கள் கட்டி எவ்வகை, மருத்துவர் எதை அறிய விரும்புகிறார் என்பவற்றைப் பொறுத்தே ஸ்கேன் தேர்வு அமைகிறது.

மறுமதிப்பீடு ஏன்?

அட்ரினல் சுரப்பிகள் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ளன. அவற்றின் புறணியில் தோன்றும் புற்றுநோய், ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவர் அல்லது இருவருக்கே வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் நுரையீரல், கல்லீரல் போன்ற இடங்களில் அது மீண்டும் தோன்றக்கூடும். ஓரிடத்தில் மட்டும் திரும்பியிருந்தால் மறு அறுவைக்கு வாய்ப்புண்டு. பல உறுப்புகளில் பரவியிருந்தால் மருந்துச் சிகிச்சை முதன்மை பெறலாம். கட்டி முழுமையாக அகற்றப்பட்டோருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் செய்யுமாறு 2018ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

எது எதைக் காட்டும்?

சி.டி. ஸ்கேன்: நுரையீரலில் உள்ள மிகச் சிறிய முடிச்சுகளையும் காட்டும். கட்டியின் அளவை முந்தைய படத்துடன் ஒப்பிட ஏற்றது. ஆகவே தொடர் கண்காணிப்புக்கு இதுவே அடிப்படை. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதற்கு முன் சிறுநீரகச் செயல்பாடு சோதிக்கப்படும்.

எம்.ஆர்.ஐ.: கதிர்வீச்சு இல்லை. கல்லீரலில் ஐயத்திற்குரிய புள்ளி தென்படும்போது பெரிதும் உதவும்.

எஃப்.டி.ஜி. பெட்-சி.டி.: சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் திசுக்களை உடல் முழுவதும் ஒளிரச் செய்து காட்டும். சி.டி.யில் தெளிவில்லாதபோதும், மறு அறுவைக்கு முன் வேறிடங்களில் பரவல் உள்ளதா என அறியவும் பயன்படும். எனினும் மிகச் சிறிய முடிச்சுகள் இதில் தவறக்கூடும். காசநோயும் ஆறிவரும் அறுவைப் புண்ணும் ஒளிரலாம். ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அன்று.

சுரப்பியின் உட்பகுதியில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா வேறு வகைக் கட்டி. இதற்குக் காலியம்-68 டோட்டாடேட் பெட் அல்லது எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் தேவைப்படலாம். கட்டி டோட்டாடேட் மருந்தை நன்கு ஏற்றால், லுட்டீசியம்-177 சிகிச்சை பொருந்துமா என்பதை ஆராயவும் அம்முடிவு வழிகாட்டும்.

தொலைவிலிருந்து செல்வோர் கவனத்திற்கு

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்திலிருந்து பெட் ஸ்கேனுக்காக மதுரை போன்ற நகருக்குச் செல்வோர், குறித்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். எஃப்.டி.ஜி. மருந்தின் கதிரியக்கம் சுமார் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். காலைப் பேருந்து உரிய நேரத்திற்குச் சேராதெனில், முந்தைய நாளே சென்று தங்குவது நலம்.

எஃப்.டி.ஜி. ஸ்கேனுக்கு முன் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உணவு உண்ணக்கூடாது, தண்ணீர் அருந்தலாம். ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை உட்கொள்வோர், வெறும் வயிறு எனக் கருதி அதை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் இரத்த அழுத்தம் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அன்று காலை அதை எப்போது உட்கொள்வது என மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீரிழிவு மருந்து பற்றியும் இவ்வாறே கேட்டறியுங்கள்.

முந்தைய ஸ்கேன் அறிக்கைகளுடன் படங்கள் அடங்கிய குறுந்தகடுகளையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய படம் இல்லாவிடில், ஒரு முடிச்சு புதியதா, முன்பே இருந்ததா எனக் கூறுவது கடினம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின், உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஸ்கேன் அதில் அடங்குமா என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். "இந்த ஸ்கேனின் முடிவால் என் சிகிச்சையில் எது மாறும்?" என்று மருத்துவரிடம் வினவத் தயங்காதீர்கள். விடை தெளிவாக இருந்தால், அந்த ஸ்கேன் உங்களுக்குத் தேவையானதே.