வலித்தால்தான் வித்தை வருமா?

சங்கீதம் கத்துக்கிற பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள் மக்களே. வீணைக்குத் தனி உறை இருக்கும். மிருதங்கத்துக்கு மெத்தென்று பை இருக்கும். வயலினுக்கு வெல்வெட் ஒட்டிய பெட்டியே இருக்கும். வாசிக்கிற பிள்ளைக்கு? ஒரு பாய். அதுவும் ஓரம் பிரிந்த பாய்!

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாத்தியம் வாங்குவது மூலதனச் செலவு. மாதா மாதம் ஃபீஸ் நடப்புச் செலவு. தந்தி மாற்றுவது, வார் இழுத்துக் கட்டுவது எல்லாம் பராமரிப்பு. உட்காருகிற இடத்துக்கு மட்டும் பேரேட்டில் தலைப்பே கிடையாது. ஆனால் நஷ்டம் ஆரம்பிப்பது அங்கேதான்.

எப்படி என்கிறீர்களா? வெறும் தரையில் சம்மணம் போட்டால், பழக்கம் இல்லாதவர்களுக்கு முழங்கால் இடுப்பை விட உயரத்தில் நிற்கும். இடுப்பெலும்பு பின்னால் சாயும். கீழ் முதுகு வில்லாக வளையும். தோள் முன்னால் வரும், கழுத்து தொங்கும். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிடும். அதற்கப்புறம் மனசு தாளத்தில் இருக்குமா, காலில் இருக்குமா? ஒரு மணி நேரம் சாதகம் என்று பெயர். அதில் பாதி நேரம் காலை மாற்றிப் போடுவதிலேயே போய்விடும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் தயாராக வரும். "பழகினா சரியாயிடும். அந்தக் காலத்துல எல்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டாங்க."

இதில் பாதி உண்மை. அந்தக் காலத்துப் பிள்ளை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது, தரையில் உட்கார்ந்து படித்தது, தரையிலேயே விளையாடியது. அதற்குச் சம்மணம் இயல்பு. இன்றைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் பெஞ்சு, வீட்டில் டைனிங் டேபிள், வெளியே போனால் ஸ்கூட்டர். தரையைப் பார்ப்பதே பாட்டு வாத்தியார் வீட்டில்தான். நாற்பது வயதில் ஆசைப்பட்டு வீணையைத் தொடுகிறவர் கதை இன்னும் மோசம். அவருக்கு முழங்கால் தேய்மானம் இருந்தால், ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா?

சரி, மரபு என்கிறார்களே, அந்த மரபையே கொஞ்சம் பார்ப்போம்.

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, தாடைக்கும் தோளுக்கும் நடுவே வைத்து வாசிப்பார்கள். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுகிறவர் முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இங்கே வந்த வயலின் அப்படியே நிற்கவில்லை. தரைக்கு இறங்கியது. அதன் தலைப்பகுதி கலைஞரின் வலது பாதத்தில் ஊன்றிக்கொண்டது. வாத்தியத்தின் பாரம் இடது கையை விட்டுப் போனதால், கமகத்துக்கு விரல்கள் தாராளமாக வழுக்கி ஓட முடிந்தது. அதாவது, வாசிக்கிறவருக்கு எது சௌகரியமோ அதற்காக உட்காரும் முறையையே மாற்றினார்கள். இன்றைக்கு மரபு என்று கும்பிடுவது, அன்றைக்குச் செய்த மாற்றத்தைத்தான்!

நாதஸ்வரமும் தவிலும்? கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்காக நின்றும் நடந்தும் வாசிக்கிறார்கள். தவில் தோளில் தொங்குகிறது. அதே கலைஞர்கள் கச்சேரி மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ராகம் எதுவும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லையே.

வெளியே பார்த்தாலும் இதே கதைதான். செல்லோவை முன்பெல்லாம் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துத்தான் வாசிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் செர்வே, வாத்தியத்தின் அடியில் ஒரு முள் வைத்துத் தரையில் ஊன்றும் வழக்கத்தைப் பரப்பினார். கனடா பியானோ கலைஞர் கிளென் கூல்ட் (1932–1982) அவர் அப்பா காலைக் குட்டையாக்கிக் கொடுத்த மடக்கு நாற்காலியில்தான் கடைசி வரை வாசித்தார். உயரம் சுமார் 14 அங்குலம்தான். இருக்கை கிழிந்து வெறும் சட்டம் ஆன பிறகும் அதை விடவில்லை. எந்த ஊர் மேடைக்கும் அது கூடவே போனது. அது கிறுக்குத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் தன் உடம்புக்கு எந்த உயரம் சரி என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. பாயைக் காட்டி "உட்காரு" என்கிறவர்களுக்கு அது தெரியுமா?

தரைக்கு இங்கே யாரும் எதிரி இல்லை. பாதத்தில் ஊன்றும் வயலினுக்கும், தொடை மேல் தாங்கும் வீணைக்கும் சம்மணம் தேவைதான். ஆனால் சம்மணத்துக்கு வெறும் தரைதான் வேண்டும் என்று யார் சொன்னது? நம் வீடுகளில் மணை என்று ஒரு சாமான் இருக்கிறது. அதன் மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு உயரும், முழங்கால் தாழும், முதுகு தானாக நிமிரும். செலவு பூஜ்ஜியம். ஹாஸ்டலில் இருப்பவர்கள் கட்டில் மெத்தையில் உட்கார்ந்து வாசிக்காமல் இருந்தாலே பாதி வலி குறையும். மெத்தை அமுங்கும், முதுகும் அதோடு அமுங்கும். கீபோர்டு, கிடார், புல்லாங்குழல்காரர்களுக்குக் கை வைக்காத நாற்காலியோ முக்காலியோ போதும். பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான். பின்னால் சரிந்த பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம். மிருதங்கத்துக்கு ஸ்டாண்ட் இருக்கிறது. எதுவானாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்தால் குடி முழுகாது.

இதையெல்லாம் செய்ய விடாமல் தடுப்பது காசு இல்லை. வலியைப் பக்தி என்று நினைக்கிற பழக்கம். முட்டி வலிக்கிறது என்று சொல்கிற மாணவியைச் சோம்பேறி என்பதும், போட்டியில் நாற்காலி கேட்கிற பையனை ஒரு மாதிரி பார்ப்பதும் அந்தப் பழக்கம்தான். வகுப்பை விட்டு நின்றுபோகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஞானம் இல்லை, எத்தனை பேருக்கு வெறும் முட்டி வலி என்று யாராவது கேட்டதுண்டா?

வாத்தியார்களே, அடுத்த வகுப்பில் சுருதி சேர்த்த கையோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "உட்கார சௌகரியமா இருக்காப்பா?"