ஆணி என்று அறுக்காதீர்கள்

சுருளிப்பட்டி சொந்தங்களுக்கு,

பெரிய மாமாவின் கருமாதிக்கு வந்துவிட்டு பிரிஸ்பேன் திரும்பிய பிறகும் மனசு ஆறவில்லை. அவர் குதிகாலில் மொச்சைக்கொட்டை அளவில் கறுப்பு. "கால் ஆணி" என்று ஊரே முடிவு கட்டியது. எருக்கம்பால் வைத்தார்கள். மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்டர் கொடுத்தார்கள். மாமா பிளேடால் சீவிச் சீவி எடுத்தார். மேலே சீவச் சீவ, கீழே அது ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் சதைச் சோதனை. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்.

"வெள்ளைக்காரனுக்கு வர்றது, நம்ம நிறத்துக்கு வராது" என்று கருமாதிப் பந்தலில் ஒருவர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமக்கு அபூர்வம்தான். ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடங்களில் வரும். அதற்கு வெயில்கூட வேண்டியதில்லை. நம் பையன்கள் பைக்கில் ஒட்டியிருக்கிற பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1977-இல் கண்டுபிடித்தார்கள், 1981-இல் இறந்தபோது வயது 36.

இங்கே குயின்ஸ்லாந்தில் தோல் பரிசோதனைக்குப் போனால் டாக்டர் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் பிடித்துவிட்டால், வெட்டியெடுத்தபின் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் பிரஷர் பார்க்கிறோம், சுகர் பார்க்கிறோம். செருப்பைக் கழற்றச் சொன்னவர் யார்?

தூரத்தில் உட்கார்ந்து புத்தி சொல்கிறான் என்பீர்கள். சொல்லுங்கள். மாமா திராட்சைப் பந்தலில் வெறுங்காலோடு கவாத்து வெட்டிய காசில்தான் நான் படித்தேன். அந்தக் காலை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

இப்போது கேட்கிறேன், பாருங்கள். கறுப்பு பரவுகிறதா, ஓரம் கோணலா, நிறம் திட்டுத்திட்டாக மாறுகிறதா, ஆறாத புண்ணா? பல நகங்களில் மெல்லிய கோடு நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அதற்குப் பயம் வேண்டாம். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் கறுப்பு இறங்கினால் கானாவிலக்கு மெடிக்கல் காலேஜில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தெற்குத்தெரு அத்தையின் கட்டைவிரல் நகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். "அறுப்பு முடியட்டும்டா" என்றார். வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கிற நம் பள்ளத்தாக்கில் அறுப்பு எப்போது முடியும்? கார் வாடகை நான் அனுப்புகிறேன். இந்த வாரமே யாராவது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் பிள்ளை,
பிரிஸ்பேனிலிருந்து