மாநாட்டுக்குப் போய் என்ன கிடைக்கும்?

"ரெண்டு நாள் கூலியை விட்டுட்டு அங்க போயி என்ன கிட்டப் போவுது மக்ளே?"

உழைக்கும் பெண்கள் மாநாடு கூடுகிறது, பிரதிநிதிகளை அனுப்புங்கள் என்று சங்கம் சொன்னவுடன், குமரி மாவட்டத்து அண்டி ஆபீஸ்களில் எழுகிற முதற் கேள்வி இது. வீட்டிலே கணவன் கேட்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிற அக்காளும் கேட்கிறாள். சங்கத்திற்குள்ளேயே சில தோழர்கள் வேறொரு கேள்வி போடுகிறார்கள்: "பெண்களுக்கென்று தனி மாநாடு எதற்கு? தொழிலாளி என்றால் ஒரே வர்க்கந்தானே? இது ஐக்கியத்தைப் பிளக்காதா?"

இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முதற் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உடைத்த பருப்பின் எடைக்குத் தக்கபடி கூலி வாங்குகிறவளுக்கு, உடைக்காத நாள் பட்டினி நாள். இரண்டு நாள் கூலி அவளுக்குச் சின்னத் தொகை அல்ல. அதை இழந்து ஒருத்தி போகிறாள் என்றால், இழந்ததைவிடப் பெரிதாக ஒன்றைக் கொண்டு திரும்ப வேண்டும். அது என்ன?

தலையெழுத்தா, கோரிக்கையா?

கொட்டை உடைக்கிற பெண்ணின் விரல்களைப் பாருங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் கை வெந்து கறுக்கிறது. நாளெல்லாம் ஒரே இருப்பில் இருந்து இடுப்பு ஒடிகிறது. பருப்பு நொறுங்கினால் கூலியில் கை வைக்கிறார்கள். இத்தனையையும் அவள் எப்படிப் புரிந்துகொள்கிறாள்? "என் கைக்கு வாகில்லை, என் தலையெழுத்து" என்று நினைக்கிறாள். தனியாக இருக்கிற தொழிலாளிக்கு எல்லாக் குறையும் தன் குறையாகவே தோன்றும். முதலாளிக்கு இதைவிட மலிவான காவல்காரன் வேறு யார்?

அவள் மாநாட்டுப் பந்தலில் வந்து உட்காருகிறாள். பக்கத்திலே ஒரு பீடித் தொழிலாளி. தான் சுற்றிய பீடியைக் கழிவு என்று ஒதுக்கிக் கூலியைப் பிடித்துக்கொண்டு, ஒதுக்கிய பீடியையும் காண்டிராக்டர் எடுத்துக்கொள்கிற கதையை அவள் சொல்கிறாள். கொல்லத்திலிருந்து வந்தவள், இதே தொழில், இதே வேலை, அங்கே கூலி எவ்வளவு என்று சொல்கிறாள். குறைந்த கூலியைத் தேடித்தான் அந்த முதலாளிகள் ஆரல்வாய்மொழிக்கு மேற்கே நம் மாவட்டத்தில் வந்து ஆபீஸ் திறந்தார்கள் என்ற சூத்திரம் அப்போதுதான் அவளுக்கு விளங்குகிறது. தலையெழுத்து என்று நினைத்தது முதலாளியின் கணக்கு என்று தெரிகிறது. போகும்போது மனக்குறையோடு போனவள், திரும்பும்போது கோரிக்கையோடு வருகிறாள். இரண்டு நாள் கூலிக்கு ஈடு இதுதான்.

வெறும் பேச்சல்ல இது. அங்கன்வாடிப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டத்தில் அவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயரே இல்லை. தொண்டர் என்றார்கள், சம்பளத்தை மதிப்பூதியம் என்றார்கள். மாநிலம் மாநிலமாகச் சிதறிக் கிடந்த அவர்கள் மாநாடுகளில் கூடினார்கள்; சம்மேளனம் அமைத்தார்கள்; "நாங்கள் தொழிலாளிகள்" என்று ஒரே குரலில் கேட்டார்கள். 2013 மே மாதம் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 2022 ஏப்ரலில், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொருத்தியும் தன் மையத்திலேயே இருந்து முணுமுணுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

தனி மாநாடு பிளவா?

இனி இரண்டாவது கேள்வி. இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. 1938 பிப்ரவரியில், மன்மாட் நகரில், ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு கூடியது. டாக்டர் அம்பேத்கர் தலைமை தாங்கினார். தொழிலாளர்களைப் பிளக்கிறார் என்று அன்றும் சொன்னார்கள். அவர் என்ன பதில் சொன்னார்? தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, ஒன்று பிராமணீயம், மற்றொன்று முதலாளித்துவம் என்றார். தாழ்த்தப்பட்டவன் ரயில்வேயில் காங்மேனாகவே காலம் தள்ள வேண்டியதுதான். போர்ட்டர் வேலை கிடையாது. ஏன்? போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலும் வேலை செய்ய வேண்டுமாம். தீண்டத்தகாதவன் வீட்டுக்குள் வரலாமா? பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் நெசவுப் பிரிவு தாழ்த்தப்பட்டவர்களுக்கு மூடிக் கிடந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும்; எச்சில் தீட்டு என்று சக தொழிலாளிகளே தடுத்தார்கள். 1928-ம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது இதை அம்பேத்கர் எழுப்பினார்.

இப்போது சொல்லுங்கள்: பிளவை உண்டாக்கியது யார்? பிளவு ஆலைக்குள் இருந்தது. மாநாடு அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. புண்ணைக் காட்டுகிறவனைப் பார்த்துப் புண்ணை உண்டாக்கினாய் என்று சொல்லலாமா? கொல்லத்து முந்திரி ஆலைகளிலும் நெடுங்காலம் கையை அரிக்கிற உடைப்பு வேலை தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு. தோலுரிப்பதும் தரம் பிரிப்பதும் மற்றச் சாதிப் பெண்களுக்கு என்றுதானே நடந்தது? இதை மூடி வைத்துக்கொண்டு பேசுகிற ஐக்கியம் காகித ஐக்கியம்.

கடல் கடந்தும் இதே பாடம்

அமெரிக்காவைப் பாருங்கள். டியூக் பவர் என்ற மின்சாரக் கம்பெனி தன் வட கரோலினா மின்நிலையம் ஒன்றில் கறுப்பினத் தொழிலாளர்களை மிகக் குறைந்த கூலியுள்ள பிரிவிலேயே நிறுத்தி வைத்திருந்தது. வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அன்றைய தினமே கம்பெனி ஒரு புது நிபந்தனை போட்டது: நல்ல பிரிவில் சேர வேண்டுமானால் அறிவுத்திறன் சோதனையில் தேற வேண்டும்! சட்டம் திறந்த கதவை மனோதத்துவத்தின் பெயரால் சாத்தினார்கள். பதின்மூன்று கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்காடினார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத அந்தச் சோதனை செல்லாது என்று 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

இதற்கிடையில், 1968-ல், மனோதத்துவ நிபுணர்களின் பெரிய சங்கம் சான்பிரான்சிஸ்கோவில் கூடியபோது, அங்கு வந்திருந்த கறுப்பின நிபுணர்கள் தனியே கூடித் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். கறுப்பினக் குழந்தைகளை மட்டந்தட்டுகிற சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று கோரினார்கள். படித்த நிபுணர்தான், ஆனாலும் ஒரு கம்பெனியிலோ கல்லூரியிலோ தனி ஆளாய் இருந்தவரை, அவமதிப்பு அவருடைய சொந்த விஷயம். கூடிய பிறகே அது பொது விஷயமாயிற்று. அன்று தொட்டு இன்றுவரை அந்நாட்டுக் கறுப்பின நிபுணர்கள் தங்கள் மாநாடுகளைத் தேடிப் போவதன் காரணம் இதுதான். தொழிலாளியை எடைபோடும் தராசு யார் கையில் இருக்கிறது என்று அங்கேதான் கூச்சமின்றிப் பேச முடிகிறது. அவர்களுக்குச் சோதனைத் தாள். நம் பெண்களுக்குப் பருப்பு நிறுக்கிற தராசு. அவ்வளவே வித்தியாசம்.

செய்ய வேண்டியது என்ன?

1979-ல் சென்னையில் கூடிய மாநாட்டில் சி.ஐ.டி.யு.வின் உழைக்கும் பெண்கள் ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. தோழர் விமலா ரணதிவே அதை முன்னின்று நடத்தினார். சங்கத்தை விட்டு விலகிப் போக அல்ல, சங்கத்திற்குள் பெண்ணின் குரலைக் கொண்டுவரவே அது அமைந்தது. இந்த வழியை நாம் உறுதியாகப் பிடிக்க வேண்டும்.

முதலாவது: பிரதிநிதியாகப் போகிறவளின் பஸ் செலவையும் இழந்த கூலியையும் சங்கம் ஈடு செய்ய வேண்டும். உண்டியல் குலுக்கியாவது திரட்ட வேண்டும். வசதி உள்ளவர்கள் மட்டும் போகிற மாநாடு தொழிலாளர் மாநாடு ஆகாது. இரண்டாவது: ஒரே முகங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், இதுவரை வாய் திறக்காதவளை அனுப்ப வேண்டும். மூன்றாவது: திரும்பி வந்தவள் ஆலை வாசலில் அறிக்கை சொல்ல வேண்டும், ஆண் தோழர்கள் நின்று கேட்க வேண்டும். கழிப்பறை, குழந்தைக் காப்பகம், கைக்குப் பாதுகாப்பு, சரியான எடை என்று அவள் கொண்டுவருகிற கோரிக்கை சங்கத்தின் பொதுக் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாநாடு வெறும் திருவிழா. நான்காவது: அந்த இரண்டு நாளும் வீட்டு உலையையும் பிள்ளைகளையும் கணவன் பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் சங்க வேலைதான்!

முதலாளிகளும் மாநாடு கூட்டுகிறார்கள். ஏற்றுமதி, வரி, கூலி எல்லாவற்றையும் கலந்து பேசி ஒரே முடிவோடு எழுந்திருக்கிறார்கள். போய் என்ன கிடைக்கும் என்று அவர்கள் யாரும் கேட்பதில்லை. கிடைப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

தோள்சீலைக்காகப் போராடி, 1859-ல் திருவிதாங்கூர் சர்க்காரைப் பணிய வைத்த பெண்களின் மண் இது. ஒருத்தி தனியாக நின்று அந்த உரிமையை வாங்கவில்லை. தாய்மார்களே, சகோதரிகளே! அடுத்த மாநாட்டுக்குப் பெயர் கொடுங்கள். கூடிப் பேசுங்கள். பேசியதை ஆலைக்குள் கொண்டு வாருங்கள்!